காட்டில் சும்மா இருந்த கிருமி கூண்டில் விழித்தது எப்படி? கிளி நோய்களின் கதையும், பல்லடம் கவனிக்க வேண்டியதும்

பல்லடத்தில் இருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ரெண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, நீள நீளமான கறிக்கோழி ஷெட்டுகள். இன்னொன்று, தென்னந்தோப்பும் மக்காச்சோளக் காடும். கதிர் முற்றும் நேரத்தில் அந்தக் காட்டின் மேல் கீச் கீச் என்று சத்தம் போட்டபடி பச்சைக்கிளிக் கூட்டம் இறங்கும். சில வீடுகளின் திண்ணையில் ஒரு கம்பிக்கூண்டு தொங்கும். அதற்குள்ளும் ஒரு கிளி இருக்கும்.

கோழி, காட்டுக்கிளி, கூண்டுக்கிளி. மூன்றும் ஒன்றுக்கொன்று நூறு அடி தூரத்தில் வாழ்கிற ஊர் இது. அதனால்தான் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்த உடனே, "கிளியால நம்ம கோழிக்கு ஏதாவது வருமா? வீட்ல கிளி இருக்கே, குழந்தைக்கு ஆபத்தா?" என்ற கேள்விகள் கிளம்பிவிடுகின்றன.

இந்தக் கேள்விகளுக்கு 140 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் ஒரு வீட்டில் ஆரம்பித்து, அமெரிக்காவின் பெரிய ஆய்வகம் ஒன்றையே ஆட்டிப்படைத்து, மொரீஷியஸ் தீவு வரை போன கதை. நடுவில் நம்ம நாட்டின் ராணிக்கெட்டும் வருகிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா, மூன்று நோய்கள்

கிளிகளுக்கு வரும் நோய்கள் பல. மனிதர்களுக்கும் கோழிகளுக்கும் காட்டுக்கிளிகளுக்கும் முக்கியமானவை இந்த மூன்று.

• கிளிக்காய்ச்சல்: மருத்துவப் பெயர் சிட்டகோசிஸ். கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவால் வருவது. பறவையில் இருந்து மனிதனுக்குத் தொற்றும்.

• அலகு, இறகு நோய்: சர்க்கோ வைரஸால் வருவது. கிளி இனங்களைத்தான் முக்கியமாகத் தாக்கும். மனிதனுக்கு வராது.

• ராணிக்கெட் நோய்: நம்ம ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கோழிக்கு எமன். கிளிகளும் இந்த வைரஸைச் சுமக்கும்.

மூன்றும் வேறு வேறு கிருமிகள். ஆனால் மூன்றின் வரலாற்றிலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. காட்டில் பறந்த பறவையைப் பிடித்து, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றி, கடையில் விற்ற பிறகுதான் பிரச்னை பெரிதாகியிருக்கிறது.

1879: பறவைகள் இருந்த அறையில் வந்த காய்ச்சல்

ஸ்விட்சர்லாந்தில் ஸூரிக் நகரத்துக்குப் பக்கத்தில் ஊஸ்டர் என்று ஓர் ஊர். 1879-ல் அங்கே ஒரே வீட்டைச் சுற்றி 7 பேருக்கு வினோதமான நிமோனியா வந்தது. 3 பேர் இறந்துபோனார்கள். இதை ஆராய்ந்து எழுதியவர் யாகோப் ரிட்டர் என்ற மருத்துவர். நோய் வந்த வீடு அவருடைய சகோதரருடையது.

நோய் வந்தவர்களுக்குள் என்ன தொடர்பு என்று ரிட்டர் தேடிப் பார்த்தார். அந்த வீட்டில் கூண்டுப் பறவைகள் வைத்திருந்த அறைக்கு அவருடைய சந்தேகம் போனது. அந்தப் பறவைகளில் கிளிகளும் இருந்தன. கிருமி எது என்று அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் வசதியும் அன்றைக்கு இல்லை. ஆனால் பறவைக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் அவர்தான்.

அடுத்து 1892-ல் பாரிஸ். தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவில் இருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கிளிகளில் நிறைய வழியிலேயே செத்துப்போயின. மிச்சமிருந்தவற்றை வியாபாரிகள் விற்றார்கள். வாங்கிய வீடுகளில் காய்ச்சல் பரவியது. இதற்குப் பிறகுதான் 1895-ல் நோய்க்கு சிட்டகோசிஸ் என்று பெயர் வந்தது. கிரேக்க மொழியில் கிளிக்கு சிட்டக்கோஸ் என்று பெயர். அதுதான் நோயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

1930: ஆய்வகத்தையே மிரட்டிய கிளி

1929 கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர், மனைவிக்குப் பரிசாக பால்டிமோர் நகரில் ஒரு கிளி வாங்கினார். கிளி செத்தது. கொஞ்ச நாளில் வீட்டில் மூன்று பேர் படுத்த படுக்கை ஆனார்கள். டைபாய்டா, நிமோனியாவா என்று மருத்துவருக்கே குழப்பம். கிளிக்காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் வாஷிங்டனுக்குத் தகவல் போனது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் கிளி வாங்கிய வீடுகளில் இதே காய்ச்சல். 1929-30ல் பல நாடுகளில் சுமார் 800 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 169 பேருக்கு நோய், 33 பேர் மரணம். மூன்று கண்டங்களுக்குப் பரவியதற்குக் காரணம் கிளி வியாபாரம். தென் அமெரிக்காவில் பிடிபட்ட கிளிகள் கப்பல் ஏறி ஊர் ஊராகப் போயிருந்தன.

வாஷிங்டனில் இருந்த அரசு சுகாதார ஆய்வகத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் இதை ஆராயத் தொடங்கினார். ஹென்றி ஆண்டர்சன் என்பவர் அவருக்கு உதவியாளர். நோய்வாய்ப்பட்ட கிளிகளை ஆய்வகத்தின் அடித்தள அறையில் வைத்திருந்தார்கள். முதலில் ஆண்டர்சனுக்குக் காய்ச்சல் வந்தது. 1930 பிப்ரவரியில் அவர் இறந்தார். அடுத்து ஆம்ஸ்ட்ராங்கே படுத்துவிட்டார். நோயில் இருந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்தில் இருந்து எடுத்த சீரத்தை அவருக்குச் செலுத்தினார்கள். அவர் உயிர் பிழைத்தார்.

அதோடு நிற்கவில்லை. கிளிகள் இருந்த அறைப் பக்கமே போகாத, வேறு மாடிகளில் வேலை பார்த்த ஊழியர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கிளியைத் தொட வேண்டும் என்பதில்லை, காய்ந்த எச்சத்தின் தூசி காற்றில் வந்தாலே போதும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் மெக்காய் கட்டடத்தையே காலி செய்து, நச்சுப்புகை போட்டுச் சுத்தம் செய்தார்.

1930 ஜனவரி 24 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர், கிளி இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உத்தரவு போட்டார். அந்த ஆய்வகம் அதே ஆண்டு மே மாதம் தேசிய சுகாதார நிறுவனம் என்று பெயர் மாறியது. இன்றைக்கு உலகத்தின் மிகப்பெரிய மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகளில் ஒன்று அது.

கிருமி எங்கிருந்து வந்தது? காட்டுக்கிளியிடம் கிடைத்த பதில்

இவ்வளவு நாள் எல்லாரும் கூண்டுக்கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்டில் இருக்கும் கிளியிடம் இந்தக் கிருமி உண்டா என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட். பின்னாளில், 1960-ல், நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கியவர்.

1930களின் நடுவில் பர்னெட் மெல்போர்னில் ஆய்வு செய்தார். பார்க்க நல்லா, கொழுகொழுவென்று இருந்த ஆஸ்திரேலியக் கிளிகளிடமும் இந்தக் கிருமி இருந்தது. காட்டில் இருந்து நேரடியாகப் பிடித்த பறவைகளிலும் இருந்தது. அதாவது தென் அமெரிக்காவில் இருந்து வந்து தொற்றிய நோய் கிடையாது. ஆஸ்திரேலியக் காட்டுக்கிளிகளிடமே காலங்காலமாக இருந்துவரும் கிருமி.

அப்படியானால் காட்டில் கிளிகள் ஏன் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை?

பர்னெட் சொன்ன விளக்கம் எளிமையானது. குஞ்சுப் பருவத்தில் கூட்டிலேயே தாய் தகப்பனிடம் இருந்து கிருமி ஒட்டிக்கொள்கிறது. சில குஞ்சுகள் சாகலாம். பிழைத்தவை கிருமியைச் சுமந்தபடியே நல்லா வாழ்கின்றன. கிருமியும் பறவையும் ஒரு மாதிரி சமாதானத்தில் இருக்கின்றன. அந்தப் பறவையைப் பிடித்து, நெரிசலான பெட்டியில் பத்து இருபது பறவைகளோடு அடைத்து, சரியான தீனி தண்ணி இல்லாமல் நாள் கணக்கில் கொண்டுபோனால் அதன் எதிர்ப்பு சக்தி சரிகிறது. அடங்கியிருந்த கிருமி பெருகுகிறது. எச்சத்தில் கொட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் பறவைக்குப் பரவுகிறது. கடைசியில் வாங்கிய மனிதனுக்கு வருகிறது.

இந்த ஒரு விளக்கம் புரிந்தால் கிளி நோய்களின் முக்கால்வாசிக் கதை புரிந்த மாதிரி. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. ஷெட்டில் நெரிசல் கூடினால், வெயில் ஏறினால், காற்றோட்டம் குறைந்தால் கோழி துவண்டு நோய் வரும் என்பதை அனுபவத்தில் பார்த்தவர்கள்தானே.

புல்வெட்டும் இயந்திரத்தால் வந்த நோய்

கூண்டில் அடைத்தால்தான் ஆபத்து, காட்டுக்கிளியால் மனிதனுக்கு எதுவுமே வராது என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 1995-ல் விக்டோரியா மாநிலத்தின் பிரைட் என்ற சிறு ஊரிலும், 2002-ல் சிட்னிக்கு மேற்கே புளூ மவுன்டன்ஸ் பகுதியிலும் கிளிக்காய்ச்சல் பரவியது. நோய் வந்த பலரும் கிளி வளர்க்காதவர்கள்.

விசாரித்தபோது தோட்ட வேலை, முக்கியமாகப் புல்வெட்டும் இயந்திரம் பயன்படுத்தியது ஒரு காரணமாகத் தெரிந்தது. தோட்டத்துக்கு வரும் காட்டுக்கிளிகள் புல்லில் எச்சமிடும். அது காய்ந்துவிடும். மேலே இயந்திரம் ஓடும்போது தூசியாகக் கிளம்பி மூக்குக்குள் போகும். கிளிகள் தினமும் கூடுகிற மரத்தடியையோ கூண்டையோ காய்ந்த நிலையில் விளக்குமாறால் பெருக்கக் கூடாது, முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ரொம்பப் பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கிளிக்காய்ச்சல் வழக்கத்தைவிட அதிகமாகப் பதிவாகியிருக்கிறது, 5 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது அந்த அறிவிப்பு. இந்தக் கிருமி 450-க்கும் மேற்பட்ட பறவை இனங்களில் இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. பெயர்தான் கிளிக்காய்ச்சல். புறா, வாத்து, வான்கோழி மூலமாகவும் வரும்.

இறகு உதிரும் கிளிகள்: மொரீஷியஸ் சொல்லும் பாடம்

அடுத்தது, கிளியையே அழிக்கும் நோய். 1880களின் கடைசியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியில் இறகு இல்லாத காட்டுக்கிளிகளைப் பறவை ஆர்வலர்கள் பார்த்தார்கள். பறக்க முடியாமல் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. அது என்ன நோய் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அந்தக் குறிப்புகளைப் படிக்கும் ஆய்வாளர்கள், அது அலகு, இறகு நோயாக இருக்கலாம் என்கிறார்கள். 1970களில் சிட்னியின் கால்நடை மருத்துவர் ராஸ் பெரி, காக்கட்டூ கிளிகளிடம் இதைப் பார்த்து விவரித்தார். பிறகு சர்க்கோ வைரஸ்தான் காரணம் என்று உறுதியானது. நோய் உண்டாக்கும் வைரஸ்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று இது.

இந்த நோய் வந்தால் புது இறகு சரியாக வளராது, உடைந்து உதிரும். அலகு கோணலாக வளரும், வெடிக்கும். நோய் எதிர்ப்பு சக்தி போய்விடும். குஞ்சுகளாக இருந்தால் சீக்கிரமே சாகும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. மரப்பொந்தில் இந்த வைரஸ் நீண்ட நாள் தங்கும். இந்த ஜோடி போனபின் அடுத்த வருஷம் அதே பொந்துக்கு வரும் வேறு ஜோடிக்கும் தொற்றும்.

இதில் நம்ம பச்சைக்கிளிக்கும் ஒரு பங்கு உண்டு. சிவப்பு அலகும், ஆணுக்குக் கழுத்தில் ரோஜா நிற வளையமும் உள்ள கிளி. செந்தார்ப் பைங்கிளி என்பதும் இதுதான். இந்தக் கிளியை மனிதர்கள் உலகம் பூராவும் கொண்டுபோனார்கள். கூண்டில் இருந்து தப்பியவையும் திறந்து விடப்பட்டவையும் லண்டன் பூங்காக்கள் வரை பெருகிவிட்டன. ஐரோப்பாவில் இருக்கும் கிளிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றின் பூர்வீகம் வட இந்தியா, பாகிஸ்தான் பக்கம் என்று தெரிந்தது.

இதே கிளி 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸ் தீவுக்கும் போனது. அந்தத் தீவுக்கென்றே உரிய ஒரு கிளி இனம் இருக்கிறது, எக்கோ கிளி. நம்ம பச்சைக்கிளிக்கு நெருங்கிய சொந்தம். காடு அழிந்ததால் 1980களில் உலகத்திலேயே பத்துப் பதினைந்து எக்கோ கிளிகள்தான் மிச்சம் என்ற நிலை. பாதுகாவலர்கள் குஞ்சுகளைக் கையால் வளர்த்து, கூட்டுப்பெட்டி வைத்து, தீனி வைத்து, எண்ணிக்கையை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், 2005 வாக்கில், அலகு, இறகு நோய் வெடித்தது. தீவில் குடியேறியிருந்த பச்சைக்கிளிகளிடமும் அதே வைரஸ் இருந்தது. பச்சைக்கிளிக்கும் எக்கோ கிளிக்கும் இடையே வைரஸ் தாவுவதை மரபணு ஆய்வுகள் காட்டின. காப்பாற்றுவதற்காக வைத்த தீனி இடங்களில் பறவைகள் கூடுவதும் நோய் பரவ வழி ஆகலாம் என்பதால், திட்டத்தின் நடைமுறைகளையே மாற்ற வேண்டியிருந்தது. நல்லவேளையாக இனம் பிழைத்துக்கொண்டது.

தப்பு பச்சைக்கிளி மேல் இல்லை. அது தானாகக் கடல் தாண்டிப் போகவில்லை.

ராணிக்கெட்: பல்லடம் நேரடியாகக் கவனிக்க வேண்டியது

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பல்லடம் என்றாலே கறிக்கோழி. பல்லடத்தில் இருந்து இயங்கும் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையைத்தான் சுற்று வட்டாரமே பார்த்துக்கொண்டிருக்கும். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும், விவசாயி ஷெட்டும் உழைப்பும் போட்டு வளர்ப்புக் கூலி வாங்குவார். ஒரு பேட்ச் நோயில் போனால் அந்தக் குடும்பத்தின் ஒன்றரை மாத உழைப்பு போச்சு.

கோழிக்கு மிக மோசமான நோய்களில் ஒன்று வெள்ளைக்கழிச்சல். இதன் இன்னொரு பெயரான ராணிக்கெட், உத்தராகண்ட் மலையில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். 1920களின் பிற்பகுதியில் அங்கே கோழிகள் கூட்டமாகச் செத்தன. பக்கத்தில் முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் அந்த நோயை ஆராய்ந்தார். அந்த நிலையம்தான் இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். அதே காலத்தில், 1926-ல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இதே நோய் தெரியவந்தது. அதனால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. நாம் ராணிக்கெட் என்கிறோம்.

முக்தேஸ்வரிலேயே 1940களில் இதற்குத் தடுப்பூசி உருவானது. அந்த வைரஸ் ரகத்தின் பெயரே முக்தேஸ்வர் ரகம்தான். வளர்ந்த நாட்டுக்கோழிகளுக்குப் போடும் ஊசியில் இன்றைக்கும் அது இருக்கிறது.

இதில் கிளி எங்கே வருகிறது? 1971-ல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியாவில் கொடிய வகை ராணிக்கெட் நோய் புகுந்தது. தேடிப்போனால், தென் அமெரிக்காவில் இருந்து செல்லப்பிராணி வியாபாரத்துக்காகக் கொண்டுவந்த கிளிகளிடம் முடிந்தது. கட்டுப்படுத்த இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் பறவைகளைக் கொன்றார்கள். 5 கோடியே 60 லட்சம் டாலர் செலவு. இறக்குமதிப் பறவைகளைத் தனிமைப்படுத்திப் பரிசோதிக்கும் விதிகள் அதற்குப் பிறகுதான் கடுமையாகின. சில கிளி இனங்கள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், ஒரு வருஷத்துக்கு மேல்கூட விட்டுவிட்டு இந்த வைரஸை வெளியேற்றும் என்பதும் தெரியவந்தது.

கதையின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். அதே கலிபோர்னியாவில் 2002-03ல் இந்த நோய் மறுபடி வந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. இந்த முறை அது அதிகம் பரவியது கிளியால் அல்ல, வீட்டுக் கொல்லையில் வளர்த்த கோழிகளாலும் சண்டைச் சேவல்களாலும். கட்டுச்சேவல் பிரியர்கள் உள்ள கொங்கு மண்டலத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போ, காட்டுக்கிளியால் நம்ம பண்ணைக்கு ஆபத்தா?

காட்டுப் பறவை எதுவும் ஷெட்டுக்குள் வரக் கூடாது. அது பொது விதி. கிளி, காகம், புறா, மைனா எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் கிளியைப் பார்த்துப் பயந்து மற்ற வழிகளைத் திறந்து வைத்தால் பயன் இல்லை. ராணிக்கெட் பரவும் முக்கியமான பாதைகள் நாம் தினமும் பார்ப்பவைதான்.

• ஒரு பண்ணையில் கோழி பிடித்துவிட்டு அப்படியே அடுத்த பண்ணைக்கு வரும் வண்டி, கூண்டு, ஆட்கள்.

• தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிகள் ஷெட்டைச் சுற்றி மேய்வது.

• செத்த கோழியைக் குழி தோண்டிப் புதைக்காமல் வேலியோரம், வாய்க்காலில் வீசுவது. நாயும் காகமும் அதை ஊர் பூராவும் கொண்டுபோகும்.

• சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு சேர்த்து விடுவது.

இதற்கு என்ன செய்யலாம்? ஷெட்டின் பக்கக் கம்பி வலையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்திய தீவனத்தை அப்பப்போ கூட்டி எடுங்கள், பறவைகளை இழுப்பது அதுதான். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். வாசலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி வையுங்கள். ஒரு பேட்ச் முடிந்ததும் பழைய தேங்காய் மஞ்சியை முழுசாக அள்ளி, சுத்தம் செய்து, இடைவெளி விட்டு அடுத்த குஞ்சை இறக்குங்கள்.

நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான செய்தி: தமிழக கால்நடை பராமரிப்புத் துறை, வழக்கமாகக் கோடைக்கு முன் பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 8 வாரம் தாண்டிய கோழிகளுக்கு ஊசி இலவசம். நாலே நாலு கோழிதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த நாலு கோழியால் பக்கத்து ஷெட்டின் ஆயிரக்கணக்கான கோழிக்கு நோய் போகலாம்.

கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கழுத்து திருகிக்கொண்டால், இறக்கை தொங்கினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மனிதர்களுக்கு இந்த வைரஸால் வருவது பெரும்பாலும் சில நாள் கண் சிவப்புதான். நோய்க்கோழியைத் தொட்டாலும் தடுப்பு மருந்தைக் கையாண்டாலும் கண்ணைக் கசக்காமல் முதலில் கை கழுவுங்கள்.

பறவைக்காய்ச்சலையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பறவைக்காய்ச்சல் என்பது இன்ஃப்ளூயன்ஸா வகை வைரஸ், முற்றிலும் வேறு கிருமி. 2021 ஜனவரியில் கேரளாவில் வாத்துகளுக்கு வந்தபோது கோவை எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிகளை நிறுத்தி மருந்து தெளித்தது அதற்காகத்தான்.

வீட்டில் கிளி இருக்கிறதா? முதலில் சட்டம்

மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் தோளில் கிளி. கிளியை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்க்கும் ஊர் நம்முடையது. ஆனால் பச்சைக்கிளி உள்ளிட்ட இந்தியக் கிளி இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசையாக வளர்த்தேன், ஜோசியத்துக்கு வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது.

கூண்டில் இருப்பதை நீங்களே திறந்து விடுவதும் சரியான வழி இல்லை. இரை தேடத் தெரியாத கிளி காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். கூண்டில் ஒட்டிய கிருமியைக் காட்டுக் கூட்டத்துக்கும் கொண்டுபோகும். மொரீஷியஸ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் ஒரே வழி.

வெளிநாட்டு இனங்களில் மக்காவ், ஆப்பிரிக்க சாம்பல் கிளி போன்று சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜெரிகர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நோய்க்கு அது விதிவிலக்கு கிடையாது. 1930களிலேயே கலிபோர்னியாவில் கார்ல் மேயர் என்ற ஆய்வாளர், உள்ளூரில் வளர்த்து விற்ற பட்ஜெரிகர்களிடம் கிளிக்காய்ச்சல் பரவியிருப்பதைக் கண்டுபிடித்தார். இறக்குமதியை மட்டும் நிறுத்தினால் போதாது என்று தெரிந்தது அப்போதுதான்.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

• புதுப் பறவை வாங்கினால் பழையவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். சில வாரம் தனி அறையில் வைத்துப் பாருங்கள்.

• இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்காருவது, கண்ணிலோ மூக்கிலோ நீர் வடிவது, எச்சம் பச்சை மஞ்சளாகப் போவது, இறகு அசாதாரணமாக உதிர்வது, இவை எதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

• கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை ஈரமாக்கிவிட்டு எடுங்கள். மாஸ்க் போடுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

• கூண்டை சமையலறையிலும் குழந்தை தூங்கும் அறையிலும் வைக்காதீர்கள். கிளிக்கு வாயால் ஊட்டுவதும் முத்தம் கொடுப்பதும் வேண்டாம்.

• காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் "வீட்ல கிளி இருக்கு" அல்லது "பறவைக் கூண்டு சுத்தம் பண்ணேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். கிருமி உள்ளே போய் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் அறிகுறி தெரியும். பார்க்க சாதாரண நிமோனியா மாதிரியே இருக்கும். டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் சரியான மருந்து தொடங்குவார். 1930-ல் மருந்தே இல்லாமல் மக்கள் செத்த நோய்க்கு இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் மாதிரியான ஆன்டிபயாடிக் இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுவார்கள். மனிதனிடம் இருந்து மனிதனுக்குப் பரவுவது அபூர்வம். நன்றாக வேகவைத்த கோழிக்கறியாலோ முட்டையாலோ இது வராது. கடையில் தானாக மருந்து வாங்கிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம்.

தோப்பில் கிளிகள் செத்துக் கிடந்தால்?

ஒன்றிரண்டு பறவை சாவது இயல்பு. மின்கம்பி, பூனை, வெயில் என்று எத்தனையோ காரணம் இருக்கும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கால்நடைகளுக்கான உதவி எண் 1962. காரணம் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயலில் தெளித்த பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

140 வருஷத்துக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புரியும். ஊஸ்டரில் ஒரு கூண்டு, பாரிஸில் ஒரு கப்பல், பால்டிமோரில் ஒரு கடை, கலிபோர்னியாவில் ஒரு இறக்குமதிப் பெட்டி. ஒவ்வொரு முறையும் கிளியை அது இருந்த இடத்தில் இருந்து மனிதர்கள்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். மக்காச்சோளக் காட்டில் இறங்கும் கிளி ரெண்டு கதிரைக் கொத்தும். விரட்டினால் பறந்துவிடும். அதைப் பிடித்துத் திண்ணையில் தொங்கவிடாமல் இருந்தால் கிளிக்கும் நல்லது, நம்ம வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நல்லது.